பதிவேட்டில் ஏறாத பழுது

2018 அக்டோபர் 28 இரவு 10.56 மணிக்கு, பாலித் தீவின் டென்பசாரிலிருந்து வந்த லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. கேப்டன் விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கை எடுத்து எழுதினார்: புறப்பட்டபின் இரு பக்க வேகமானிகளும் உயரமானிகளும் வெவ்வேறு அளவு காட்டின, எலிவேட்டர் அழுத்த வேறுபாட்டுக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பயணத்தில் அதற்கு மேலும் நடந்திருந்தது. சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்தே கேப்டனின் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. விமானம் தூக்குவிசையை இழக்கப் போகிறது என்பதை விமானியின் கைக்கே உணர்த்துவதற்காக வைத்த 'ஸ்டிக் ஷேக்கர்' அது. அடுத்து, யாரும் கேட்காமலே விமானம் மூக்கைக் கீழே இறக்க ஆரம்பித்தது. விமானிகள் தூக்கினால் மறுபடி இறக்கியது. கடைசியில் கட்அவுட் சுவிட்சைப் போட்டு, மூக்கை ஏற்றி இறக்கும், வாலிலுள்ள ட்ரிம் மோட்டாரைத் துண்டித்து, மீதி வழி முழுவதும் கையால் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றியே ஓட்டிவந்தார்கள். தண்டு நடுங்கியதும் மோட்டாரைத் துண்டித்ததும் டெக் லாக்கில் இல்லை.

ஜகார்த்தாவில் இரவுப் பணியில் இருந்த மெக்கானிக்குகள், எழுதியிருந்ததற்கு உண்டான வேலையைச் செய்தார்கள். காற்றழுத்தம் அளக்கும் குழாய்களை ஊதிச் சுத்தப்படுத்தினார்கள். எலிவேட்டர் ஃபீல் கம்ப்யூட்டரின் மின் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். தரையில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு விமானத்தை விடுவித்தார்கள். மறுநாள் காலை 6.20-க்கு அதே விமானம் பங்கால் பினாங் நகரத்துக்குப் புறப்பட்டது. கேப்டன் டில்லியைச் சேர்ந்த இந்தியர். அவர் டெக் லாக்கைப் புரட்டிப் பார்த்திருந்தாலும் முந்தைய இரவின் பெரிய செய்தி அதில் கிடைத்திருக்காது. சுமார் 12 நிமிடங்களில் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எம்காஸ் மென்பொருளையே பேசுகிறோம். அது நியாயம்தான். ஒரே ஒரு சென்சாரை நம்பி மூக்கை இறக்கும் ஒரு மென்பொருளை வைத்து, அதைப் பற்றி விமானிகளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்றது போயிங். ஐந்து மாதத்தில் எத்தியோப்பியாவிலும் அதே வகை விமானம் விழுந்து, இரண்டிலுமாக 346 பேர் இறந்தார்கள். அந்தப் பழியில் ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் மென்பொருளைத் திருத்தியாகிவிட்டது. விமானி அறைக்கும் ஹேங்கருக்கும் இடையில் செய்தி தொலைந்துபோன அந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

பழுது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில், காற்று வரும் திசைக்கேற்பத் திரும்பும் சிறிய தகட்டைக் கொண்ட சென்சார் பக்கத்துக்கு ஒன்று உண்டு. காற்று எந்தக் கோணத்தில் விமானத்தைச் சந்திக்கிறது என்று அளப்பது அதன் வேலை. சில நாட்களாகக் கேப்டன் பக்கத்துத் திரையில் வேகமும் உயரமும் காணாமல் போய்க்கொண்டிருந்ததால், டென்பசாரில் இடது பக்கச் சென்சாரை மாற்றினார்கள். புதிதாகப் பொருத்தியது அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஒரு பட்டறையில் பழுதுபார்த்து வந்த பழைய சென்சார். அங்கே அளவு சரிசெய்தபோது நேர்ந்த தவறால் அது உண்மையைவிட 21 டிகிரி கூடுதலாகக் காட்டியது. பொருத்தியவுடன் செய்ய வேண்டிய சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால் 21 டிகிரி பிழை கண்ணில் படாமல் போயிருக்காது. அந்தச் சோதனை முறையாக நடந்ததா என்பதையே இந்தோனேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையத்தால் உறுதிசெய்ய முடியவில்லை. அந்த அக்டோபர் மாதத்துப் பராமரிப்புப் பதிவேட்டில் 31 பக்கங்கள் இல்லை என்பதும் அதே விசாரணையில் தெரியவந்தது.

இரண்டு பக்கச் சென்சார்களும் முரண்பட்டால் திரையில் எச்சரிக்கை காட்ட வேண்டும். அந்த எச்சரிக்கை எல்லா மேக்ஸ் விமானங்களிலும் வேலை செய்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வேறொரு திரைக்கருவியோடு அதன் மென்பொருள் பிணைந்துபோனதால், லயன் ஏர் விமானத்தில் அது உயிரோடு இல்லை. விமானிக்குத் தெரியாத எச்சரிக்கையை அவர் எப்படி எழுதுவார்? எழுதாததை மெக்கானிக் எப்படித் தேடுவார்? இந்த இடத்தில் விமானியைக் குறை சொல்ல முடியாது. நடுங்கிய தண்டு விஷயம் வேறு. அதை மூன்று பேர் பார்த்தார்கள். மேக்ஸ் ஓட்டத் தகுதி பெற்ற இன்னொரு விமானி அன்று பயணியாக வந்து, விமானி அறையின் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவரிடம் போய்க் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி, ராத்திரி மூச்சு நின்றுபோய் எழுந்ததைச் சொல்லாமல் வந்தால் அவர் காய்ச்சலுக்குத்தான் மருந்து எழுதுவார். விமானப் பராமரிப்பு இதைவிடக் கறாரானது. மெக்கானிக் தன் யூகத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. விமானி எழுதிய அறிகுறியை எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளர் தந்த பழுதறியும் கையேட்டில் அதற்குரிய பக்கத்துக்குப் போவார். அங்கே போட்டிருக்கும் வரிசைப்படிதான் சோதிப்பார். வேகமானி முரண்பாடு என்று எழுதினால் அந்த வழி காற்றுக் குழாய்களுக்குப் போகிறது. தண்டு விடாமல் நடுங்கியது என்றால் வழியே வேறு. அறிகுறியைப் பாதி எழுதினால் மெக்கானிக் தவறான பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கத்து வேலையைச் செவ்வனே முடித்து, மனசாட்சியோடு கையெழுத்தும் போடுகிறார்.

அந்தக் கேப்டன் எதையும் மறைக்க நினைத்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நிறுவனத்தின் மின்னணுப் பாதுகாப்பு அறிக்கையில், ட்ரிம் தவறான திசையில் ஓடியதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்த அறிக்கை போகும் மேசை வேறு, இரவில் ஸ்பானர் பிடித்து நிற்பவர் பார்க்கும் ஏடு வேறு. ஒரு செய்தியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டியில் போட்டார்கள். இரண்டும் ஒரே கைக்கு வரவில்லை. முந்தைய இரவு நடந்ததே விசாரிக்க வேண்டிய தீவிர சம்பவம் என்று ஆணையம் பிற்பாடு சொன்னது. அதற்குரிய அறிகுறி டெக் லாக்கில் இல்லாததால் யாரும் விமானத்தை நிறுத்தவில்லை.

இதே நாட்டில், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், செய்தி எதிர்த்திசையில் போய்க் கெட்டது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர்ஏஷியா ஏர்பஸ் ஏ320 கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். முதலில் எல்லோரும் மழைமேகத்தைச் சந்தேகித்தார்கள். விசாரணையில் கிடைத்தது ஒரு சால்டரிங் விரிசல். வால் துடுப்பு எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவிக்குள், மின்பலகையில், கண்ணால் தேடினாலும் சட்டென்று அகப்படாத ஒரு விரிசல். இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும்போது திரையில் எச்சரிக்கை வரும், போகும்.

விமானத்தை ஓட்டவே முடியாமல் செய்யும் பழுது அல்ல அது. ஆனால் முந்தைய 12 மாதங்களில் அதே விமானத்தில் அதே எச்சரிக்கை 23 தடவை வந்திருந்தது. கடைசி மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் சோதித்திருக்கிறார், பெரும்பாலும் அந்தக் கருவியை இயக்கும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டிருக்கிறார், எச்சரிக்கை மறைந்திருக்கிறது, பதிவை முடித்திருக்கிறார். 23 தனித்தனிக் காகிதங்களாக அவை இருந்தன. ஒன்றாக அடுக்கிப் பார்த்து, இந்தக் கருவியைக் கழற்று என்று சொல்ல அந்த நிறுவனத்தின் பராமரிப்பு முறையில் வழி இருக்கவில்லை. விசாரணை அறிக்கை இதை விபத்துக்கான காரணங்களில் ஒன்றாகவே எழுதியது.

விபத்துக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 25 அன்று, அதே கேப்டன் அதே விமானத்தில் புறப்படத் தயாரானபோது எச்சரிக்கை வந்தது. பொறியாளர் விமானி அறைக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மறுபடி அழுத்தினார். எச்சரிக்கை போயிற்று. இதை நானே செய்யலாமா என்று கேப்டன் கேட்டார். திரை சொல்லும்போது செய்யலாம் என்கிற பொருளில் பதில் வந்தது. தரையில் நின்றுகொண்டிருக்கும் விமானத்தில், இருவருக்கும் சாதாரணமாகப்பட்ட உரையாடல். அதன் பிறகும் எச்சரிக்கை வந்ததால் கம்ப்யூட்டரையே மாற்றினார்கள். விரிசல் இருந்த கருவி அப்படியே இருந்தது. 28-ஆம் தேதி 32,000 அடி உயரத்தில் எச்சரிக்கை மூன்று தடவை வந்தது. விமானிகள் திரை சொன்னபடி செய்தார்கள். நான்காவது தடவை தரவுப் பதிவில் இருந்த தடம் வேறு. அது சர்க்யூட் பிரேக்கரை இழுத்து அழுத்தியதற்குரிய தடம். தரையில் ஆபத்தில்லாத அந்தச் செயல், வானத்தில் ஆட்டோ பைலட்டையும் அதோடு சேர்ந்த பாதுகாப்புகளையும் ஒரே நொடியில் பறித்தது. விமானம் இடது பக்கம் 54 டிகிரி சாய்ந்தது. ஒன்பது நொடிகள் யாரும் கட்டுப்பாட்டைத் தொடவில்லை. அதன் பிறகு மூக்கு உயர்ந்து, தூக்குவிசை போய், மீளவே இல்லை.

அந்தப் பொறியாளர் பொய் சொல்லவில்லை. கேப்டன் கேட்கத் தகாததைக் கேட்கவும் இல்லை. இங்கே விட்டுப்போனது "தரையில் மட்டும்" என்ற நிபந்தனை. ஒருவர் தொழிலில் தானாகப் புரிந்துகொள்ளப்படுவது மற்றவர் தொழிலில் அப்படிப் புரிவதில்லை. மெக்கானிக் பிரேக்கரை இழுக்கும்போது அவர் மனத்தில் நிற்பது ஓடாத விமானம். விமானி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்போது அவர் மனத்தில் இருப்பது ஓடும் விமானம்.

சைப்ரஸ் நாட்டின் ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் இரு திசைகளிலும் செய்தி தவறியது. 2005 ஆகஸ்ட் 14 அதிகாலை லண்டனிலிருந்து லார்னகா வந்த போயிங் 737 விமானத்தின் ஊழியர்கள், பின்பக்கக் கதவின் விளிம்பில் பனி உறைவதாகவும் சத்தம் வருவதாகவும் எழுதிவைத்தார்கள். பொறியாளர் கதவைச் சோதித்து, காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க விமானத்துக்குள் அழுத்தம் ஏற்றினார். அதற்காக, விமானி அறையின் மேற்பலகையில் ஒரு சிறு குமிழை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' நிலைக்குத் திருப்ப வேண்டும். கசிவு இல்லை. குமிழ் 'மேனுவல்' நிலையிலேயே நின்றது. பராமரிப்புக் கையேடும் குமிழைத் திருப்பி வை என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. விமானத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பொதுவாகச் சொல்லியிருந்தது.

காலையில் வந்த விமானிகள் புறப்படுவதற்கு முன்பும், இன்ஜின் கிளப்பிய பின்பும், மேலே எழுந்த பின்பும் சரிபார்ப்புப் பட்டியலில் அந்தக் குமிழைத் தாண்டியே போனார்கள். 12,000 அடியைக் கடந்தபோது, உள்ளே அழுத்தம் குறைவதற்கான எச்சரிக்கை ஒலித்தது. அதே ஒலிதான் தரையில் புறப்பாட்டுக்கான அமைப்பு தவறாக இருந்தாலும் வரும். விமானிகள் அப்படியே புரிந்துகொண்டார்கள். கேப்டன் நிறுவனத்தை வானொலியில் அழைத்தார். பேச வந்தவர், இரவு அந்தக் கதவைச் சோதித்த அதே பொறியாளர். அவர் பின்னர் தந்த வாக்குமூலத்தின்படி, அழுத்தக் குமிழ் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கேப்டனோ கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்பின் சர்க்யூட் பிரேக்கர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரியான கேள்வி சரியான ஆளிடமிருந்து வந்தது. ஆனால் அதற்குள் விமானி அறையில் பிராணவாயு குறைந்து, கேள்வியைப் பிடித்துக்கொள்ளும் தெளிவு போய்விட்டிருந்தது. ஆட்டோ பைலட் அந்த விமானத்தை 34,000 அடிக்கு ஏற்றி, ஏதென்ஸ் அருகே சுற்றவைத்தது. எரிபொருள் தீர்ந்து கிராமாட்டிகோ அருகே மலையில் மோதியது. 121 பேர் இறந்தார்கள்.

'குமிழை மேனுவலில் வைத்துச் சோதித்தேன்' என்று அந்தப் பதிவில் ஒரு வரி இருந்திருந்தால், காலையில் வந்த விமானி அதைப் படித்ததும் முதலில் பார்த்திருப்பது அந்தக் குமிழைத்தான். என்ன பழுது, எப்படிச் சரிசெய்தேன் என்பதோடு, எதையெல்லாம் தொட்டேன் என்பதும் பதிவேட்டில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானத்தில் செய்தி ஆண்டுக் கணக்கில் உறங்கியது. வாலின் கிடைமட்டப் பகுதியை நகர்த்தும் பெரிய திருகாணியின் மரை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று 1997 செப்டம்பரில் அளந்தபோது 0.040 அங்குலம் காட்டியது. அனுமதித்த எல்லையே அதுதான். மாற்ற வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அடுத்த ஷிப்டில் மறுபடி அளந்து 0.033 என்று எழுதி விமானத்தை அனுப்பினார்கள். கிரீஸ் இடும் இடைவெளியை நிறுவனம் 1987-இல் இருந்த 500 பறப்பு மணியிலிருந்து படிப்படியாக நீட்டி, 1996-இல் எட்டு மாதம் ஆக்கியிருந்தது. 2000 ஜனவரி 31 அன்று திருகாணி இறுகிக்கொண்டபோது, விமானிகள் வானத்திலிருந்து சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் பராமரிப்புப் பிரிவுகளோடு பேசினார்கள். மரை அழிந்துவிட்டது என்பது தரையில் இருந்தவர்களுக்கும் தெரியாது. விமானம் பசிபிக்கில் விழுந்து 88 பேர் இறந்தார்கள்.

இப்படியெல்லாம் ஏன் நடக்கிறது? அலட்சியம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழுதோடு பறக்க எதற்கெல்லாம் அனுமதி உண்டு என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியல் ஒன்று ஒவ்வொரு விமானத்துக்கும் இருக்கிறது. பழுதின் வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு தருவார்கள். நல்ல ஏற்பாடு, அது இல்லாமல் எந்த விமான நிறுவனமும் நடக்காது. ஆனால் பட்டியலில் இடமில்லாத பழுதை எழுதினால் விமானம் நின்ற இடத்தில் நிற்கும். உதிரிப் பாகம் இல்லாத சிறிய ஊரில் எழுதினால் 180 பயணிகளும் அன்றிரவு அங்கேயே. அதனால் வெளியூரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, தலைமைத் தளத்துக்கு வந்த பிறகு எழுதலாம் என்ற எண்ணம் வருகிறது. மெக்கானிக்குக்கும் இதே நெருக்கடிதான். 45 நிமிடத்தில் விமானம் திரும்பிப் போக வேண்டும். எச்சரிக்கை தரையில் வரவில்லை. 'சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று எழுதுவதுதான் அப்போது கிடைக்கும் ஒரே வழி. வானத்தின் குளிரிலும் அதிர்விலும் மட்டும் வரும் பழுது, தரையில் விமானம் நிற்கும்போது வரவே வராது. அந்தப் பதிவு பொய் இல்லை. ஆனால் அடுத்து வரும் விமானி அதை 'பழுது தீர்ந்தது' என்று படிக்கிறார்.

எழுதும் முறையில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. எந்தக் கட்டத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம், எந்த விளக்கு, நாங்கள் என்ன செய்தோம், செய்ததும் என்ன ஆயிற்று. இவ்வளவும் ஐந்தாறு வரிகளில் அடங்கும். "வேலை செய்யவில்லை" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இரவு 2 மணிக்கு ஒருவர் என்ன தேடுவார்? விமானிகள் இறங்கும்போதே மெக்கானிக் வந்து நேரில் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் கட்டாயமாக்கினாலும் எழுத்துக்கு அது மாற்று ஆகாது, ஏனென்றால் நேரில் கேட்டவர் ஷிப்ட் முடிந்து போய்விடுவார், காலையில் புறப்படும் விமானிக்கு மிஞ்சுவது ஏடுதான். 1991-இல் டெக்சாஸில் உடைந்து விழுந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தில், முன்னிரவு ஷிப்ட் கழற்றிய 47 திருகுகளைப் பின்னிரவு ஷிப்ட் அறியவே இல்லை. 14 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2025 ஜூனில் டில்லி, மும்பை உள்ளிட்ட பெரிய விமான நிலையங்களில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது. அதில் இருந்தவற்றில் சில: எழுதிக் கொடுத்த பழுதுகள் அதே விமானத்தில் பல தடவை திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன, விமானத்தின் கம்ப்யூட்டரே காட்டிய கோளாறுகள் டெக் லாக்கில் ஏறவில்லை, சில இடங்களில் பொறியாளர் பழுதைப் பார்த்துத் தீர்க்கவே போகவில்லை. மேலே சொன்ன விபத்து அறிக்கைகளைப் படித்தவர்கள் இவற்றில் முதல் இரண்டையும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். முதலாவது, ஏர்ஏஷியாவின் 23 எச்சரிக்கைகளைப் போன்றது. இரண்டாவது, லயன் ஏர் டெக் லாக்கைப் போன்றது. ஜகார்த்தாவில் அதை ஒரு மனிதர் விட்டுவிட்டார். இங்கே இயந்திரமே சொன்னதை ஏட்டில் ஏற்றவில்லை.

ஏழு நாட்களுக்குள் சரிசெய்யும்படி நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. எந்த நிறுவனம், எந்த விமானம், எந்தப் பழுது என்று அறிக்கையில் இல்லை. டிக்கெட் வாங்குகிற நமக்கு அது தெரிந்தாக வேண்டும். ஒரே விமானத்தில் மூன்று தடவைக்கு மேல் திரும்பி வரும் பழுதுகளின் எண்ணிக்கையை, நிறுவனம் வாரியாக, மாதந்தோறும் இயக்குநரகம் வெளியிடட்டும். விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பின என்ற நேர ஒழுங்குக் கணக்கை அரசு இப்போதே நிறுவனம் வாரியாக மாதந்தோறும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.